அந்திக்குப் பிறகு எழும் மீன்: வீட்டு உப்புநீர்த் தொட்டியில் பைஜாமா கார்டினல்

முதல் பைஜாமா கார்டினலைத் தொட்டியில் விட்ட வாரத்தில், அது செத்துக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன். பாறை இடுக்குக்குச் சற்று முன்னால், துடுப்புகளை மட்டும் மெல்ல அசைத்தபடி, நூலில் கட்டித் தொங்கவிட்டதுபோல ஒரே இடத்தில் நின்றது. காலை பத்து மணிக்குத் தீனி போட்டேன். கோமாளி மீன்கள் பாய்ந்து தின்றன, இது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டினி கிடக்கிறதே என்று மதியமும் போட்டேன், மாலையும் போட்டேன். நான்காம் நாள் தண்ணீரைச் சோதித்தபோது, மஞ்சளாகவே இருக்க வேண்டிய அம்மோனியா சோதனைக் குழாயில் இளம்பச்சை தெரிந்தது; மீனுக்கு நஞ்சான அம்மோனியா சேர்ந்திருக்கிறது என்று பொருள். மீனுக்கு எந்தக் குறையும் இல்லை. அது தின்னாமல் விட்ட தீனிதான் மணலுக்குள் அழுகிக்கொண்டிருந்தது. நான் பகலில் சோறு போட்டுக்கொண்டிருந்த அந்த மீன், இரவில் உண்ணும் மீன்.

பகலில் இயங்கும் உயிர்களைப் பகலாடி என்றும், இரவில் இயங்குபவற்றை இரவாடி என்றும் சொல்கிறோம். ஆந்தை, வௌவால், தேவாங்கு என்று நிலத்தில் இந்தப் பிரிவு நமக்குப் பழக்கமானது. பவளத்திட்டில் இது இன்னும் கறாரானது. அங்கே ஒரே வீட்டை இரண்டு குடும்பங்கள் முறைவைத்துப் பயன்படுத்துகின்றன என்றே சொல்லலாம். பகலில் வண்ணத்துப்பூச்சி மீன்களும் டாம்செல்களும் வெளியே மேயும்போது, கார்டினல்களும் அணில்மீன்களும் சோல்ஜர் மீன்களும் குகைகளிலும் பவளக் கிளைகளுக்கிடையிலும் ஒதுங்கி நிற்கும். பொழுது சாய்ந்ததும் பகல் மீன்கள் அதே இடுக்குகளுக்குள் நுழைய, இவை வெளியேறும். ஹவாயின் கோனா கரையோரத்தில் எட்மண்ட் ஹாப்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த மாற்றத்தை நீருக்குள் இருந்தே கவனித்து 1972-இல் விரிவாக எழுதினார். பகல் மீன்கள் அடங்கிவிட்ட பிறகும் இரவு மீன்கள் வெளியே வராத ஓர் அமைதியான இடைவெளி, ஏறக்குறைய கால் மணி நேரம், அந்தியில் இருப்பதை அவர் குறித்தார். காரணம் எளிது. மங்கிய வெளிச்சத்தில் பகல் கண்ணும் சரியாக வேலை செய்யாது, இரவுக் கண்ணும் முழுதாகத் தயாராக இருக்காது. அந்த நேரத்தில் வேட்டையாடும் பெரிய மீன்களுக்கே ஆதாயம். ஆகவே இரு தரப்பும் தலைகாட்டுவதில்லை. இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தொட்டியின் விளக்கைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

இத்தனை அபாயத்துக்கிடையில் இரவில் ஏன் வெளியே வர வேண்டும் என்றால், இரவில்தான் நல்ல சாப்பாடு கிடைக்கிறது. பகலில் மணலிலும் பாறைச் சந்துகளிலும் பதுங்கியிருக்கும் சிறு ஓட்டுடலிகளும் புழுக்களும் இருட்டியபின் நீருக்குள் எழுந்து வருகின்றன. பகல் நேர மிதவையுயிரிகளைவிட இவை உருவத்தில் பெரியவை. அவற்றை இருட்டில் பார்த்துப் பிடிக்க வேண்டியதால்தான் இந்த மீன்களுக்குத் தலையளவுக்கு ஒவ்வாத பெரிய கண்களும், நன்றாக விரியும் வாயும் வாய்த்திருக்கின்றன. கண்ணின் விழித்திரையில், குறைந்த ஒளியை உணரும் குச்சி செல்களே மிகுதி. இந்தச் செல்கள் நீலமும் பச்சையும் சேர்ந்த ஒளியை நன்றாக உணரும்; சிவப்பை ஏறக்குறைய உணராது. இரவாடிகளில் பல இனங்கள் சிவப்பு நிறத்தில் இருப்பதும் இதோடு சேர்ந்ததுதான். கடல்நீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் உறிஞ்சுகிறது. சிவப்பு ஒளி வந்து சேராத இடத்தில் சிவப்பு மீன் வெறும் கருநிழல். கார்டினல் என்ற பெயரே, கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால்கள் அணியும் சிவப்பு அங்கியை ஒட்டி வந்தது.

நம்முடைய பைஜாமா கார்டினலோ முழுச் சிவப்பு அல்ல. மஞ்சளும் பச்சையும் கலந்த முகம், சிவந்த கண், நடு உடலில் அகலமான ஒரு கரும்பட்டை, அதற்குப் பின்னால் வெளிறிய உடலில் செம்பழுப்புப் புள்ளிகள் என்று, மூன்று வெவ்வேறு மீன்களை வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். பின்பாதியின் புள்ளிகள் இரவு உடையின் துணியை நினைவூட்டுவதால்தான் அந்தப் பெயர். ஸ்ஃபேராமியா நெமட்டாப்டெரா என்ற அறிவியல் பெயருள்ள இந்த இனத்தை 1856-இல் டச்சு மருத்துவரும் மீனியலாளருமான பீட்டர் பிளீக்கர் விவரித்தார். ஜாவா தொடங்கி நியூகினி வரையிலும், வடக்கே ஜப்பானின் ரியூக்யூ தீவுகள், தெற்கே ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு வரையிலும், அலையடங்கிய விரிகுடாக்களில் கிளைப் பவளங்களுக்கிடையே கூட்டமாக வாழ்கிறது. முழு வளர்ச்சியில் 8 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட கார்டினல் குடும்பத்தில், வீட்டுத் தொட்டிக்கு இதைவிடச் சாதுவான மீன் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு கிளைச் செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிஃபேமியா என்ற பேரினத்தைச் சேர்ந்த விரலளவுக் கார்டினல்கள் பகலில் கடல் முள்ளெலிகளின் நீண்ட முட்களுக்கிடையே ஒளிந்திருந்து, இரவில் வயிற்றுப் பக்கம் மெல்லிய ஒளியோடு இரை தேடப் போகின்றன. அந்த ஒளியை உண்டாக்குவது மீனின் உடலுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. அதன் பெயர் ஃபோட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ். ஆம், நம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம்தான்.

சரி, தொட்டிக்கு வருவோம். இரவாடி மீனை வளர்ப்பதில் தொடக்கநிலையாளர் செய்யும் தவறுகளில் பாதி விளக்கைப் பற்றியவை. நம் வீட்டுத் தொட்டிகளில் டைமர் வைத்த எல்.இ.டி. விளக்கு இரவு பத்து மணிக்கு ஒரே நொடியில் அணைகிறது. காலையில் ஒரே நொடியில் எரிகிறது. கடலில் அந்தி என்ற ஒன்று இருக்கிறது என்று மேலே பார்த்தோம். அது இல்லாமல் போனால் பகல் மீன்கள் தூங்கும் இடத்தைத் தேடிச் சேர்வதற்குள் இருட்டிவிடுகிறது. இரவு மீன் வெளியே வரவும் தயங்குகிறது. விளக்கில் ஒளியைப் படிப்படியாகக் குறைக்கும் வசதி இருந்தால், அணைவதற்கு முந்தைய அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு அதைப் பயன்படுத்துங்கள். வசதி இல்லாத விளக்கானால், தொட்டி விளக்கு அணைந்த பிறகும் அறை விளக்கு கொஞ்ச நேரம் எரியட்டும். பிறகு அதை அணையுங்கள். காலையில் நேர்மாறாக, அறையில் வெளிச்சம் வந்த பிறகே தொட்டி விளக்கு எரிய வேண்டும். நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தவர் பட்டென்று டியூப்லைட்டைப் போட்டால், நடுநீரில் மேய்ந்துகொண்டிருக்கும் கார்டினல் கண்ணாடியில் போய் மோதும்; என் வீட்டில் ஒரு முறை அந்தச் சத்தமே கேட்டது. மிரண்டு வெளியே துள்ளி விழாமல் இருக்கவாவது தொட்டியின் மேல் வலை மூடி இருப்பது நல்லது.

இன்னொரு தவறு அழகுக்காகச் செய்யப்படுவது. பவளத் தொட்டிகளுக்கென்று விற்கும் ரீஃப் விளக்குகளில் பெரும்பாலானவற்றில் நிலவொளி என்று ஒரு நீல வெளிச்சம் இருக்கும். அதை விடிய விடிய எரியவிடுவார்கள். நமக்கு அது மங்கலாகத் தெரிகிறது. ஆனால் கார்டினலின் குச்சி செல்கள் மிக நன்றாக உணரும் நிறங்களில் ஒன்று நீலம். நாம் நிலவொளி என்று நினைப்பது அதற்கு விளக்கு வெளிச்சம். கடலிலும் எல்லா இரவும் பௌர்ணமி அல்ல. நீல விளக்கை வைத்துக்கொள்ள விரும்பினால் மிகக் குறைந்த அளவில், இரவின் முதல் ஓரிரு மணி நேரத்துக்கு மட்டும் வைத்து, பின்பு முழு இருட்டாக விடுங்கள். இரவில் மீனைப் பார்க்க ஆசையாக இருந்தால் அதற்கு நீலத்தைவிடச் சிவப்பே ஏற்றது. சாதாரண டார்ச்சின் முகத்தில் சிவப்பு ஜிகினாத்தாளை மூன்று நான்கு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள். விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து அந்த ஒளியில் பார்த்தால், பகலில் சிலையாக நின்ற மீன், தலையைச் சற்றுக் கீழே சாய்த்தபடி, பாறையின் மேல் ஒரு சாண் உயரத்தில் நின்று நின்று நகர்வது தெரியும். ஒரு சிறு துணுக்கு மிதந்து வந்தால் வாய் திறந்து மூடுவதைக் கண்ணால் பிடிக்கவே முடியாது. துணுக்கு காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

தீனி கொடுப்பதும் இந்தக் கடிகாரத்தைச் சார்ந்ததே. முதல் இரண்டு வாரங்களுக்குத் தொட்டி விளக்கு மங்கத் தொடங்கியதும் பகல் மீன்களுக்குக் கொஞ்சம் போட்டு அவற்றின் பசியை அடக்கிவிட்டு, விளக்கணைந்த பதினைந்து இருபது நிமிடத்தில் கார்டினலுக்குரியதைப் போடுங்கள். உறைந்த மைசிஸ் இறால் இதற்கு மிகவும் பிடித்த உணவு. ஒரு கட்டியை டம்ளரில் தொட்டித் தண்ணீர் ஊற்றிக் கரையவிட்டு, டீ வடிகட்டியில் வடித்து, கலங்கிய நீரைக் கொட்டிவிட்டுச் சதையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கலங்கல் நீர் போனாலே, வேண்டாத பாசியை வளர்க்கும் பாஸ்பேட் தொட்டியில் ஏறுவது கொஞ்சம் குறையும். சத்தேற்றிய ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலையும் இடையிடையே கொடுக்கலாம், ஆனால் அதை மட்டுமே கொடுத்து வளர்க்கக் கூடாது. தீனி நீரில் மிதந்து வர வேண்டும். அடியில் விழுந்துவிட்டதைக் கார்டினல் பெரும்பாலும் சீண்டாது. ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, மீன் நிற்கும் இடத்துக்கு எதிரே நீரோட்டத்தில் விட்டால் வீணாவது மிகக் குறைவு.

இரண்டு மூன்று வாரங்களில் மீன் இன்னொரு பாடத்தையும் கற்றுக்கொள்ளும்: இந்த வீட்டில் சாப்பாடு கொண்டுவருபவர் பகலிலும் வருவார் என்பது. அதன் பிறகு தீனி நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னால் நகர்த்தி, மாலை வெளிச்சத்திலேயே உண்ண வைத்துவிடலாம். தொட்டியில் இருக்கும் இரவாடிகள் பல இப்படிப் பழகிவிடுகின்றன. ஆனாலும் நாளின் கடைசித் தீனியை இருட்டில் கொடுக்கும் வழக்கத்தை நான் விடவில்லை. பகலில் அது உண்பது நம் வசதிக்காக, அதன் உடல் இன்னும் இரவுக்குத்தான் பசிக்கிறது.

இனி, கடைக்காரர்கள் அரிதாகவே சொல்லும் ஒன்று. தொட்டியில் ஆக்சிஜன் குறைவாக இருப்பது இரவில்தான். பகலில் பாசியும் பவளங்களுக்குள் வாழும் நுண்பாசியும் ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜனை வெளியிட்டுக் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும். விளக்கணைந்ததும் அந்த வேலை நின்றுவிடும். ஆனால் மூச்சு விடுவது எல்லா உயிருக்கும் தொடரும். எனவே விடியற்காலையில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும், பி.எச். அளவும் பகலில் 8.3 இருந்தது 8.0 அல்லது அதற்கும் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். பகல் மீன்கள் அந்த நேரத்தில் தூங்குவதால் அவற்றின் தேவை குறைவு. நம் கார்டினலோ அப்போதுதான் வேலை பார்க்கிறது. படுக்கையறைக்குப் பக்கத்தில் தொட்டி இருக்கிறது, சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று இரவில் புரோட்டீன் ஸ்கிம்மரையும் (நுரையாக்கிக் கழிவை நீக்கும் கருவி) வேவ்மேக்கரையும் (நீரோட்டம் உண்டாக்கும் பம்பு) அணைத்துவிடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இது தலைகீழான சிக்கனம். இரண்டில் ஒன்றாவது இரவு முழுக்க ஓடி, நீர்ப்பரப்பைக் கலைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்வெட்டுக்குப் பேட்டரியில் தானாக இயங்கும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று இருந்தால் நிம்மதி.

வெப்பமும் இதே கணக்கில் சேரும். நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். இந்த மீனுக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் ஏற்றது. மே மாதத்தில் சென்னை வீட்டுத் தொட்டி, ஒன்றும் செய்யாமல் விட்டால், 31, 32 என்று ஏறிவிடும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடிந்தவர்கள் வாங்கிவிடலாம். முடியாதவர்கள் நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறிகளை ஓடவிட்டு இரண்டு மூன்று டிகிரியைக் குறைக்கிறார்கள். ஆனால் அப்படிக் குளிர்வது நீர் ஆவியாவதால்தான். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. குறைந்த மட்டத்தை உப்பு கலந்த நீரால் நிரப்பினால் உப்படர்த்தி நாளுக்கு நாள் ஏறும், ஆர்.ஓ. நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். உப்படர்த்தியை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.023 முதல் 1.026 வரை காட்டினால் கவலையில்லை.

மற்ற அடிப்படைகள் எந்த உப்புநீர் மீனுக்கும் பொதுவானவை, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஓரிரு மீன்களுக்கு 120 லிட்டர், ஐந்தாறு மீன்கள் கொண்ட கூட்டத்துக்கு 200 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். நீர் நிரப்பிய உடனே மீன் விடக் கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக நின்ற பிறகே மீன் வாங்கப் போக வேண்டும். கிளைப் பவளங்களுக்கிடையே வாழும் மீன் என்றேனே தவிர, அதற்குத் தேவை பவளத்தின் உயிர் அல்ல, நிழலும் மறைவும் தரும் அமைப்பு. உலர் கல்லிலோ சுடுமண் பாறையிலோ, பின்புறம் திறந்த இரண்டு மூன்று குகைகளையும் ஒரு விளிம்பையும் அமைத்தால் போதும். இந்தியாவில், பவளத்திட்டுகளைக் கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001 முதல் இருப்பதால், நம் கடலிலிருந்து எடுத்த பவளக் கல் என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். வாங்குபவரும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவரே.

மீன் வாங்கும்போது கடையிலேயே தீனி போடச் சொல்லிப் பார்ப்பது பொதுவான அறிவுரை. இரவாடிக்கு அது முழுதாகப் பொருந்தாது. நண்பகலில் தின்னவில்லை என்பதற்காக நல்ல மீனைத் தள்ளிவிட வேண்டாம். பதிலாகக் கண் தெளிவாக இருக்கிறதா, வயிறு உள்வாங்கியிருக்கிறதா, மூச்சு சீராக ஓடுகிறதா, கூட்டத்தோடு நிற்கிறதா அல்லது தனியே மூலையில் கிடக்கிறதா என்று பாருங்கள். பண்ணையில் பிறந்து வளர்ந்த மீன் கிடைத்தால் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். தொட்டித் தீனிக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். இதன் உறவினரான பங்காய் கார்டினல் இந்தோனேசியாவின் சுலாவெசிக்கு அருகிலுள்ள பங்காய் தீவுகளில் மட்டுமே இயல்பாக வாழ்வது. மீன் வணிகத்துக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டு, 2007-இல் அருகிவரும் இனங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அந்தக் கதை இந்த மீனுக்கும் நேர வேண்டியதில்லை.

வீட்டுக்குக் கொண்டுவருவது மாலையில் இருந்தால் நல்லது. நாள் முழுவதும் இருட்டுப் பெட்டிக்குள் இருந்த பெருங்கண் மீனைத் திடீரென்று ரீஃப் விளக்கின் கீழ் திறப்பது, தூங்குபவர் முகத்தில் ஹெட்லைட் அடிப்பதற்குச் சமம். அறை விளக்கைக் குறைத்து, பையை மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமமாக்கி, உப்படர்த்தியைச் சரிபார்த்து, பைத் தண்ணீர் சேராமல் மீனை மட்டும் மாற்றுங்கள். நோய் இருக்கிறதா என்று பார்க்க, முதல் நான்கு வாரங்கள் தனிமைத் தொட்டியில் வைப்பதே முறை. அந்தத் தொட்டி வெறுமையாக இருப்பதுதான் வழக்கம், ஆனால் இந்த மீனுக்கு அங்கேயும் மறைவு வேண்டும். கைக்கு அடக்கமான பி.வி.சி. குழாய் வளைவுகள் இரண்டும், மேலே பாதி மூடிய ஒரு அட்டையும் போதும்.

கூட்டாளிகளாகக் கோமாளி மீன், கோபி, ஃபயர்ஃபிஷ் போன்றவை பொருந்தும். டிரிக்கர், லயன்ஃபிஷ், களவா ஆகியவற்றோடு சேர்க்கக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை. அவற்றின் வாய்க்குள் கார்டினல் போய்விடும். முரட்டு டாம்செல்களையும் தவிர்க்கலாம், ஏனெனில் அவை பகலில் கார்டினல் ஒதுங்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு விரட்டும். அந்த இடம் இம்மீன்களுக்கு மிக முக்கியம். பெருந்தடுப்புப் பவளத்திட்டின் ஒன் ட்ரீ தீவருகே, சில கார்டினல் இனங்களைப் பிடித்து ஒன்று, இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பகுதி தாம் பகலில் தங்கிய அதே இடத்துக்குத் திரும்பி வந்தன. அப்படிப்பட்ட மீன் இருக்கும் தொட்டியில், அழகு பார்க்க மாதம் ஒரு முறை பாறைகளை மாற்றி அடுக்குவது வேண்டாத வேலை. மூன்று முதல் ஐந்து வரை ஒரே நேரத்தில் விட்டால் அவை தமக்குள் வரிசை வகுத்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். தனி மீனைவிடக் கூட்டத்துக்குத் துணிச்சலும் அதிகம்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு நாள் கூட்டத்தில் ஒன்று மட்டும் மறுபடியும் தின்ன மறுக்கலாம். அவசரப்பட்டு மருந்தை எடுக்காதீர்கள்; முதலில் தாடையைப் பாருங்கள். கார்டினல்களில் முட்டையை அடைகாப்பது ஆண், அதுவும் தன் வாய்க்குள். கீழ்த்தாடை புடைத்து, வாய் முழுதாக மூடாமல், அவ்வப்போது எதையோ மெல்லுவதுபோல அசைந்தால் உள்ளே முட்டை உருண்டை இருக்கிறது என்று பொருள். முட்டைகளுக்கு ஆக்சிஜன் கிடைப்பதற்காக அதை அடிக்கடி புரட்டிவிடும். பைஜாமா கார்டினலில் இது ஒரு வாரம், பத்து நாள் நீடிக்கும். அதுவரை ஒரு துணுக்கும் உள்ளே போகாது. இருட்டிய பிறகு வெளிவரும் குஞ்சுகள் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அளவில், நீரில் மிதந்து திரியும் பருவத்தில் இருப்பதால், சாதாரண வீட்டுத் தொட்டியில் அவை ஸ்கிம்மருக்கோ மற்ற மீன்களுக்கோ தப்புவதில்லை. என் தொட்டியிலும் தப்பவில்லை. தாடை வற்றியிருப்பதை மறுநாள் மாலைதான் கவனித்தேன். அன்று விளக்கணையும் வரைகூடக் காத்திராமல், கோமாளி மீன்களை முந்திக்கொண்டு, சிரிஞ்சின் முனைக்கே வந்து நின்றது அந்த ஆண் மீன்.